தொட்டியாரும் வலது கைப் பாவமும்

பாவத்தைக் கழுவ ஆறு தேடிப் போக வேண்டாம், மலை ஏறி மூச்சு வாங்க வேண்டாம். மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உள்ள ஒரு கண்ணாடித் தொட்டியே போதும் என்று ஊர் கண்டுபிடித்த ஆண்டு அது.

கடைத்தெருவின் கோடியில், முன்பு அலங்கார மீன் விற்ற கடை. பெயர்ப்பலகையில் மீன் படம் அப்படியே இருந்தது. 'விற்பனைக்கு' என்ற சொல்லை மட்டும் சுரண்டிவிட்டு 'விமோசனத்துக்கு' என்று எழுதியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கே வரிசை பூட்டுக் கடையைத் தாண்டி, மூக்குக்கண்ணாடிக் கடையைத் தாண்டி, பல் மருத்துவரின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். பல்வலிக்காரர் ஒருவர் எது எந்த வரிசை என்று புரியாமல் நின்று, தள்ளுண்டு, தொட்டிக்குள் கையை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள்.

"வலிக்குது. ஆனா மனசு லேசா இருக்கு."

பல் மருத்துவர் அன்றோடு இரண்டு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டார்.

முறை இதுதான். உள்ளே நீல விளக்கு போட்ட அரையிருட்டு அறை. குறுக்கே ஒரு கறுப்புத் திரை. அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்தப் பக்கம் தொட்டி, தொட்டிக்குப் பின்னால் முக்காலியில் தொட்டியார். முகத்தைப் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். ஆகையால் கையை மட்டும் பார்ப்பாராம். வலது கையைத்தான் விட வேண்டும், முழங்கை வரை. இடது கையை நீட்டினால் அபசாரம், டோக்கன் செல்லாது. தொட்டிக்குள் ஏழு மீன்கள். அவை கிட்டே வந்தால் ஒரு பலன், விலகிப் போனால் ஒரு பலன், சும்மா இருந்தால் அதற்கும் ஒரு பலன்.

உண்மையான அற்புதம் பிறகுதான். கையை விட்டுப் போன இரண்டு மூன்று வாரத்தில் விரலிலோ புறங்கையிலோ சிவப்பாக ஒரு கட்டி கிளம்பும். வலிக்காது, ஆறாது. அதுதான் பாவம் வெளியே வருகிற வாசல் என்றார் தொட்டியார். கட்டி வந்தால் பாவம் கிளம்பிவிட்டது. மீதியும் வர வேண்டும், மறுபடி வா. கட்டி வரவில்லையா? பாவம் ஆழத்தில் கிடக்கிறது; தோண்ட வேண்டும், மறுபடி வா. மீன் செத்துப்போனதா? உன் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டது. புது மீனுக்குக் காசைக் கட்டிவிட்டு மறுபடி வா. தராசில் எந்தத் தட்டில் எதை வைத்தாலும் முள் அவர் பக்கமே சாயும்.

மீன்கள் அடிக்கடி செத்தன. வயிறு ஒட்டி, முதுகு வளைந்து, கேள்விக்குறி மாதிரி நீந்திக்கொண்டிருந்துவிட்டுத்தான் செத்தன. அந்த ஊரில் கேள்விக்குறியாக இருந்தவை அந்த மீன்கள் மட்டுமே.

தண்ணீரை மாற்றுவது கிடையாது. "இத்தனை பேர் பாவம் கரைஞ்ச தண்ணி. இதைக் கொண்டுபோய் ஊத்தினா சாக்கடை தாங்குமா?" என்பார் தொட்டியார். சாக்கடை மேல் அவ்வளவு கருணை. மனிதர் கையை விடலாம். அவர் மட்டும் முழங்கை வரை பொன்னிறப் பட்டுக் கையுறை போட்டிருப்பார். "நான் சேர்த்த புண்ணியம் தண்ணியில கசிஞ்சிடக் கூடாது பாருங்க."

ஊரில் கட்டிக்கு மவுசு ஏறிற்று. வாசலில் நின்று கையைக் கையோடு ஒப்பிட்டார்கள்.

"உங்களுக்கு எத்தனை?"

"மூணு. உங்களுக்கு?"

"எனக்கு அஞ்சு. விரல்ல ஆரம்பிச்சு மணிக்கட்டு தாண்டி வரிசையா ஏறிட்டிருக்கு."

"கொடுத்து வெச்சவர் சார் நீங்க."

ஐந்து கட்டிக்காரர் நகராட்சிக் குமாஸ்தா. சட்டையின் வலது கையைத் தோள் வரை மடித்துவிட்டுக்கொண்டுதான் தெருவில் நடப்பார். கட்டியே வராத ஒரு மளிகைக்காரர், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று புறங்கையில் இரண்டு சொட்டு மெழுகை உருக்கி ஒட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில், "மாப்பிள்ளைக்குக் கட்டி வந்தாச்சா?" என்று கேட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் தையலக்கா. கடைத்தெருவின் நடுவில் மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு இருபது வருடமாகத் தைப்பவள். ஒரே வாரத்தில் இயந்திரத்தின் வார் இரண்டு தடவை அறுந்தது. பழைய வார் அறும் என்று ஊரில் எவனுக்கும் தோன்றவில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. அவளும் போய்க் கையை விட்டாள். ஊசி குத்தாத இடம் இல்லாத கை. மூன்றாம் வாரம் வலது ஆள்காட்டி விரலில், நடு மூட்டுக்குப் பக்கத்தில், கட்டி வந்துவிட்டது. மகிழ்ந்துபோய் இருபத்தொரு முழுக்குக்கு மொத்தமாகச் சீட்டு வாங்கினாள். பதினைந்தாவது முழுக்குக்கு விரல் வீங்கிற்று. பதினெட்டாவதுக்குப் பிறகு கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழையவில்லை.

அவளுக்கு ஓர் ஓரகத்தி. கொழுந்தனின் பெண்டாட்டி. பெரிய துணிக்கடை ஒன்றின் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது அவள் உத்தியோகம், அதனால் பொம்மைக்காரி. எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்காமல் வாங்க மாட்டாள். கடைக்காரர்கள் அவள் வருவதைக் கண்டால் முன்கூட்டியே களைத்துப்போவார்கள். அவள் ஒரு நாள் வந்து தையலக்காவின் விரலைப் பார்த்தாள்.

"என்னக்கா இது, விரலா வாழைத்தண்டா?"

"பாவம் இறங்குதுடி. இன்னும் மூணே முழுக்கு."

"நீங்க அப்படி என்ன பாவம் பண்ணினீங்க? யாரைக் கொன்னீங்க?"

தையலக்கா தரையைப் பார்த்தாள். "வெட்டுத்துணி எடுத்திருக்கேன். ஊர்ல எல்லார் துணியிலயும். உன் கல்யாணத் துணியிலகூட அரை மீட்டர்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். அதுல உங்க மகனுக்குச் சட்டை தைச்சு, அதையே போட்டு என் கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க. நான்தான் அவனுக்குக் காலர் சரி பண்ணிவிட்டேன். அதுக்கெல்லாமா விரல் வீங்கும்? அப்படின்னா எங்க முதலாளிக்கு உடம்பே இருக்காது, வீக்கம் மட்டும்தான் இருக்கும். கிளம்புங்க."

கடைத்தெருவிலேயே இருந்த தோல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் அம்மா விரலைத் திருப்பிப் பார்த்தார், மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார், ஒரே கேள்விதான் கேட்டார்.

"வீட்ல மீன் தொட்டி இருக்கா?"

தையலக்கா கன்னத்தில் கை வைத்தாள். "பார்த்தியாடி! கையைத் தொட்டதுமே மீன்னு சொல்லிட்டாங்க. இவங்களுக்கும் சக்தி இருக்கு."

"சக்தி இல்லம்மா, படிப்பு," என்றார் மருத்துவர். "இது காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். மண்ணுலயும் தண்ணியிலயும் இந்தக் குடும்பத்துல நூத்துக்கும் மேல இருக்கு. நிறையப் பேர் யார் வம்புக்கும் போக மாட்டாங்க. சிலது மாட்டைப் பிடிக்கும். சிலது நுரையீரல் பலவீனமானவங்களைப் பிடிக்கும். இது மீனைப் பிடிக்கிற ரகம். அழுக்குத் தொட்டியில நோயாளி மீன் இருந்து, கையில ஒரு கீறலோ ஊசிக் குத்தோ இருந்தா, நுழைஞ்சிடும். சூடு இதுக்கு ஆகாது. குளிர்ச்சிதான் பிடிக்கும். அதனால உள்ளே போகாம கை விரல்லயே குடியிருக்கும். ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது."

"சரியாயிடுமா?"

"மாத்திரை இருக்கு. நாலு மாசம் விடாம சாப்பிடணும். கட்டியில கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புறேன். அது மெதுவா வளர்ற கிருமி, முடிவு வரப் பல வாரம் ஆகும், அதுக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிங்க. இனிமே அந்தத் தண்ணியில கை படக் கூடாது. மூட்டுக்குப் பக்கத்துல நிக்குது. உள்ளே இறங்கிடுச்சுன்னா கத்தி வைக்கணும். அப்புறம் இந்த விரல் மடங்காது."

மாத்திரைப் பொட்டலத்தைத் தையலக்கா வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இயந்திரத்தின் இழுப்பறையில், பொத்தான் டப்பாவுக்குக் கீழே வைத்து மூடினாள்.

"சாப்பிடலையா?"

"முழுக்கு முடியட்டும். மாத்திரை போட்டா வெளியே வர்ற பாவம் திரும்பி உள்ளே போயிடும்னு தொட்டியார் சொல்லியிருக்கார்."

"மடங்காத விரலை வெச்சுட்டு எப்படித் தைப்பீங்க?"

"பாவம் இல்லாத விரலா இருக்குமே."

இதற்கு மேல் பேசினால் தானே எதையாவது உடைத்துவிடுவோம் என்று பொம்மைக்காரி எழுந்து வந்துவிட்டாள். அக்காவோடு வாதாடிப் பயன் இல்லை. சரக்கில்தான் கோளாறு என்றால் சரக்கைத்தான் திருப்பிக் காட்ட வேண்டும்.

மறுநாள் காலை தையலக்காவுக்குப் பத்தொன்பதாவது முழுக்கு. பொம்மைக்காரியும் தோளில் ஒரு நீளப் பையோடு அவளோடு போய், வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றாள்.

வரிசையில் நிற்பவர்களோடு எப்போதும் இன்னொருவரும் நிற்பார். ஒல்லியானவர், முழுக்கைச் சட்டைக்காரர், ரொம்ப அனுதாபமாகத் தலையாட்டுபவர். "உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டுக்கொண்டே உங்கள் டோக்கனை வாங்கி, முனையில் ஓட்டை போட்டுத் திருப்பித் தருவார். பணக் கஷ்டத்துக்கு ஓர் ஓட்டை, குடும்பக் கஷ்டத்துக்கு இரண்டு, உடம்புக்கு மூன்று. அந்த டோக்கன் திரைக்கு அந்தப் பக்கம் போய்விடும். தொட்டியாரின் பெண்டாட்டியின் தம்பி அவர். ஞானத்தின் பாதி வேலை அந்த ஓட்டை போடும் கருவியில் நடந்தது.

"உங்களுக்கு என்னம்மா?" என்றார் மைத்துனர்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. எங்க கடையில ஒருத்தி இருக்கா. அவளுக்காக வந்தேன்." பொம்மைக்காரி பொய்யே சொல்லவில்லை. "நாள் முழுக்க நின்னுட்டே இருக்கா. தினம் ஒரு புதுத்துணி உடுத்தறா, முகத்துல ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. ஒரு வாய் சாப்பாடு இறங்கினதில்லை. படுத்துப் பார்த்ததில்லை. ஜோடி பக்கத்துலயேதான் நிக்கிறான். இத்தனை வருஷத்துல அவகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை."

வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "அடப் பாவி!" என்றாள். யாரை என்று அவளுக்கே தெரியாது. மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு ஓட்டையும் மூன்று ஓட்டையும் சேர்த்து ஐந்தாகப் போட்டார். டோக்கன் சல்லடை ஆயிற்று.

உள்ளே அறை நிறையக் கூட்டம். அடுத்தவர் பாவத்தைக் கேட்பதற்கென்றே டோக்கன் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் அதில் பாதிப் பேர். பொம்மைக்காரி கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரையை ஒட்டி நின்று, பைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்தாள். கடைப் பொம்மையிடமிருந்து திருகிக் கழற்றிக்கொண்டு வந்த வலது கை. நகப்பூச்சுகூடப் போட்டிருந்தது. அதைத் தன் சால்வைக்குள்ளிருந்து நீட்டி, ஓட்டைக்குள் விட்டு, தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பச்சைத் தண்ணீர், நீல விளக்கு, அழகான கை.

தொட்டியார் டோக்கனைத் தடவிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"மீன் விலகுது," என்றார் அடித்தொண்டையில். "இது லேசுப்பட்ட கை இல்லை."

"ஆமாங்க, தூக்கிட்டு வந்த எனக்குத்தான் தெரியும்."

"இந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்காது."

"இறங்கினதே இல்லீங்க."

"புருஷன் முகம் கொடுத்துப் பேச மாட்டான்."

"முகமே கொடுக்க மாட்டான்."

கூட்டத்தில் ஒரு விசும்பல்.

"தலைபாரம் உண்டு."

பொம்மைக்காரி கொஞ்சம் யோசித்தாள். "அது மட்டும் இல்லீங்க."

"இல்லைன்னா வரும்! நாளையிலேருந்து தலையிலதான் பிடிக்கப் போவுது. இப்பவே நாடி தெரியுது, படபடன்னு துடிக்குது. அகம்பாவம் பிடிச்ச கை. இருபத்தொரு முழுக்கு போடணும். மூணாம் வாரம் கட்டி கிளம்பும்."

"நிச்சயமா கிளம்புங்களா?"

"கிளம்பலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"கை மட்டும் வந்தாப் போதுங்களா? ஆளு வரணுமா?"

"பாவம் கையிலதான் இருக்கு. கை போதும்."

"அப்போ விட்டுட்டுப் போறேன், நீங்களே பார்த்துக்கங்க," என்று பொம்மைக்காரி பிடியை விட்டாள்.

உள்ளே வெறும் பொள்ளலான கை. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு மேலே வந்து, தொட்டி விளிம்பில் மோதி, நகப்பூச்சு விரல்கள் ஐந்தையும் தொட்டியாரின் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு மிதந்தது. உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. அதில் ஞானம் ஏதும் இல்லை. முக்காலி சாய்ந்தது, தொட்டியார் திரையைப் பிடித்தார், திரை கம்பியோடு வந்துவிட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், முழங்கால் மேல் ஒரு மீனோடு தரையில் உட்கார்ந்திருந்தார் தொட்டியார். ஒரு கை மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் மிதந்துகொண்டிருந்தது.

"இது எங்க கடைப் பொம்மை," என்றாள் பொம்மைக்காரி. "இதுக்குத்தான் தலைபாரம் வருமாம். இதுக்குத் தலையே கிடையாது. கழுத்தோட சரி."

இந்த இடத்தில் ஊர் விழித்துக்கொண்டது என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு ஊரைத் தெரியாது.

தொட்டியார் மீனை எடுத்து மெதுவாகத் தொட்டிக்குள் விட்டார். எழுந்தார். திரையைப் பொன்னாடை மாதிரி தோளில் போட்டுக்கொண்டார். "பொம்மை தானா வந்துச்சா?" என்றார். "அதைச் செஞ்சவன் ஒருத்தன் இருக்கான் இல்லையா? அவன் பாவம் அதுல ஒட்டாம எங்கே போகும்? நான் பார்த்தது அவன் பாவத்தை!"

"அட!" என்றது கூட்டம். "ஆமாய்யா, அது ஒரு நியாயம்தானே!" மளிகைக்காரர், மெழுகு விழுந்துவிடாமல் ஜாக்கிரதையாக, கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். தையலக்கா ஓரகத்தியை நிமிர்ந்து பார்த்தாள், பரிதாபத்தோடு. பிறகு தன் டோக்கனோடு திரையில்லாத தொட்டியை நோக்கி நடந்தாள்.

பொம்மைக்காரி விடவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தாள். வாசலை ஒட்டி, வருகைப் பதிவேட்டில் குமாஸ்தா தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். சட்டையின் வலது கை வழக்கம்போலத் தோள் வரை மடிந்திருந்தது. எழுதியது இடது கை.

"சார், நீங்க இடது கைப் பழக்கமா?"

"பிறந்ததுலேருந்து," என்றார் குமாஸ்தா.

"எல்லாமே இடது கைதானா?"

"எழுதறது, சாப்பிடறது, கையெழுத்துப் போடறது, எல்லாம். ஏன்?"

"மேஜைக்கு அடியில வாங்கறது?"

அறையில் சிரிப்பு. குமாஸ்தா அங்கே புண்ணியம் தேடி வந்தவர். புண்ணியம் தேடுகிற இடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று அவருக்கு ஒரு கொள்கை. "அதுவும் இடதுதான்," என்றார் கம்பீரமாக. "வலது கையால ஒரு பைசா தொட்டதில்லை."

"அப்போ கட்டி எதுக்கு சார் வலது கையில?"

குமாஸ்தா வலது கையைப் பார்த்தார். ஐந்து கட்டிகள். இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பால் போலச் சுத்தமாக இருந்தது. முப்பது வருட உத்தியோகம் செய்த கை.

"எல்லாரும் இடது கையைத் தூக்குங்க!" என்று கத்தினாள் பொம்மைக்காரி. "யாருக்காவது ஒரே ஒரு கட்டி இருக்கா? ஊர்ல ஒருத்தர்கூட இடது கையால தப்புப் பண்ணினதில்லையா? தண்ணியில விட்ட கைக்கு வருது, விடாத கைக்கு வரலை. பாவம் உங்ககிட்ட இல்லைய்யா, தொட்டியில இருக்கு!"

கைகள் எழுந்தன. முப்பது நாற்பது இடது கைகள், எல்லாம் சுத்தம். அடுத்தவர் கையைப் பார்த்தார்கள், தன் கையைப் பார்த்தார்கள். இதைப் பார்க்கக் கண் மட்டும் போதும். எல்லாரிடமும் இரண்டிரண்டு இருந்தன. முதலில் கொதித்தவர் குமாஸ்தாதான். இத்தனை நாள் தப்பான கைக்கு விமோசனம் தேடிய ஏமாற்றம் அவருக்கு.

"யோவ் தொட்டியாரே! என் பாவம் பூரா இடது கையிலயேதான் இருக்காய்யா அப்போ?"

"அதாவது... பாவம் ரத்தத்துல சுத்தி..."

"சுத்துறது இருக்கட்டும்," என்றாள் பொம்மைக்காரி. "உங்ககிட்டதான் பாவமே இல்லையே? கையுறையைக் கழற்றிட்டு ஒரு நிமிஷம் கையை உள்ளே விடுங்க. கட்டி வரலைன்னா நானே இருபத்தொரு சீட்டு வாங்கறேன்."

"விடுங்க! விடுங்க!" என்றது கூட்டம். அதே கூட்டம்தான்.

தொட்டியார் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீர் பச்சையாகத் திரும்பிப் பார்த்தது. விளிம்பில் ஒரு மீன் முதுகு வளைந்து, பக்கவாட்டில் நீந்திக்கொண்டிருந்தது.

"நான் எதுக்கு? நான் சாட்சி மட்டும்தான்," என்றார். "என் ரத்த சொந்தம் மாதிரி என் மைத்துனன். அவன் விட்டா நான் விட்ட மாதிரி. வாப்பா, சட்டைக் கையை மடிச்சிட்டுக் கையை விடு."

மைத்துனர் ஓட்டை போடும் கருவியோடு இரண்டடி பின்னால் போனார்.

"நானா? மச்சான், விளையாடாதீங்க. மீன் கடைக் காலத்துல தொட்டி கழுவினப்போ வாங்கினதே போதும். மறுபடியும் நாலு மாசம் அந்த மாத்திரையை என்னால முழுங்க முடியாது!"

குமாஸ்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எந்த மாத்திரைய்யா?" என்றார் குமாஸ்தா.

சொன்னது சொன்னதுதான் என்று ஆகிவிட்டதால் மைத்துனர் மிச்சத்தையும் சொன்னார். அவருக்கும் ரொம்ப நாளாகவே மனத்தாங்கல் போல. "கட்டிக்குத்தான்! எனக்கு வந்துச்சு, மச்சானுக்கும் வந்துச்சு. ரெண்டு பேரும் வெளியூர் போய் டாக்டரைப் பார்த்துச் சாப்பிட்டோம். அப்போதான் மச்சான் கையுறை வாங்கினார். எனக்கு வாங்கித் தரலை. மீன் கடை நடத்துறப்போ மீனெல்லாம் இளைச்சு இளைச்சுச் செத்துது. ஒருத்தர் கையில கட்டியோட சண்டைக்கு வந்தார். மச்சான் டக்குனு, 'ஐயா, உங்க பாவம் வெளியே வந்துடுச்சு'ன்னார். அந்த ஆள் மச்சான் கால்ல விழுந்துட்டார். அப்புறம் எவன் மீன் விப்பான்?"

குமாஸ்தா மேஜைக்கு அடியில் கை நீட்டிப் பழகியவர். ஒரே இழுப்பில் பட்டுக் கையுறை கையோடு வந்துவிட்டது. உள்ளே இன்னொரு கையுறை, ரப்பர். அதையும் உருவினார். தொட்டியாரின் புறங்கையில் ஆறிப்போன தழும்புகள், மூன்று. விரலிலிருந்து மணிக்கட்டு வரை வரிசையாக.

மீதியை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சுகாதார அதிகாரி வந்தார், கடைக்குச் சீல் வைத்தார். போலீஸ்காரர் வந்தார், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். அவருக்கும் இரண்டு இருந்தன. மளிகைக்காரர் ஒரு மூலையில் திரும்பி நின்று மெழுகைச் சுரண்டினார். ஒருவர் மட்டும், "எது எப்படியோ, கையை விட்ட மாசம்தான் எனக்கு வேலை கிடைச்சுது," என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வேலைக்கு விண்ணப்பம் போட்டதும் அந்த மாதம்தான் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

இந்தக் கலவரத்தில் தையலக்கா தொட்டியின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், கையில் டோக்கனோடு. பொம்மைக்காரி கிட்டே போனாள்.

"வாங்க அக்கா, போகலாம்."

"இன்னும் மூணுதான்டி பாக்கி," என்றாள் தையலக்கா மெல்ல. "இவ்வளவு தூரம் வந்தாச்சு. முடிச்சுட்டே வந்துடட்டுமா?"

பொம்மைக்காரிக்குக் கத்தத் தோன்றியது. கத்தவில்லை. தன் முந்தானையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி நீட்டினாள்.

"இதைப் பிடிங்க."

தையலக்கா பிடித்தாள். கட்டைவிரல் வந்தது. ஆள்காட்டி விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. ஊசி தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். தரையிலிருந்து எடுக்க முடியவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். இருபது வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை எடுத்த ஊசி. மூன்றாம் தடவை இடது கையால் எடுத்து, ஓரகத்தியிடம் நீட்டினாள்.

"அந்த டாக்டரம்மா இந்நேரம் இருப்பாங்களா?" என்றாள்.

இருந்தார். அன்று அவர் வாசலில் வரிசை மூக்குக்கண்ணாடிக் கடை வரை நின்றது. நாற்பது வலது கைகள். தையலக்கா உள்ளே போனதும் முதல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பயபக்தியோடு கேட்டாள்:

"அம்மா, இதை எந்தத் திசை பார்த்து நின்னு போடணும்?"

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "வாய் எந்தத் திசையில இருக்கோ, அந்தத் திசை."

ஐந்து மாதம் ஆயிற்று. கிருமி மூட்டின் வாசல் வரை வந்துவிட்டிருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் கத்திதான் என்றார் மருத்துவர். விரல் இப்போது மடங்குகிறது, நுனியில் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. தையலக்கா மறுபடி தைக்கிறாள். பொத்தான் துளை போட மட்டும் பழையபடி வேகம் இல்லை. அந்த வேகத்தை, முதல் முழுக்கோடு சேர்த்துப் பத்தொன்பது டோக்கன் கொடுத்து அவளே தண்ணீரில் விட்டுவிட்டு வந்தாள்.

போன வாரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து இறங்கியிருக்கிறார். வெந்நீர் ஆவியை மூச்சில் இழுத்தால் முன்கோபம் போகுமாம். வரிசை இப்போதே திருப்பம் வரை நிற்கிறது. பாதிப் பேர் இருமுகிறார்கள், கோபம் வெளியே வருகிறதாம். நீங்களும் போவீர்கள், எனக்குத் தெரியும். போங்கள். கையையோ மூக்கையோ உள்ளே விடுவதற்கு முன்னால், ஒரே ஒரு கேள்வியை உள்ளே விட்டுப் பாருங்கள். கேள்விக்குக் கட்டி வராது; பதில் சொல்ல வேண்டியவருக்குத்தான் வியர்க்கும்.